முப்பத்தெட்டில் பதினான்கு

அன்புள்ள முரளி,

திட்டாதே. உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது, தெரியும். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வாத்தியாரைப் பார்த்தால் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று உளறிவிடாதே.

போன வாரம் பரணை ஒழித்தபோது நம் கரோல்பாக் அறையின் மளிகைக் கணக்கு நோட்டு கிடைத்தது. பின்பக்கத்திலிருந்து புரட்டினால் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் நம் பதக்கக் கணக்கு, உன் கோழிக் கிறுக்கலில். தங்கம் என்ற கட்டத்தில் 36ஐ அடித்து 37, அதையும் அடித்து 38. அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருக்கிறது. மூலையில் மட்டும், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பொடி எழுத்தில் "8-0".

அந்தக் கடைசி நாள் ஞாபகம் இருக்கிறதா? பாட்மின்டன் இறுதியில் சாய்னா தோல்விக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்றபோது நீ டிவிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாய். 23-21 என்று அந்த கேமை அவர் எடுத்ததும், ராசி என்று சொல்லி மூன்றாவது கேம் முழுக்க உன்னைத் திரும்ப விடவில்லை. இங்கிலாந்தின் 37ஐத் தாண்டி நாம் இரண்டாம் இடத்துக்கு வந்த தங்கம் அது. நீ பார்த்ததோ காலண்டரை.

2030 காமன்வெல்த் ஆமதாபாத்துக்கு என்று ஆனதும் "முதலிடம் நமக்குத்தான்" என்று எழுதியிருந்தாயே, அதனால் நோட்டை வைத்துக்கொண்டு ராத்திரி கணக்குப் போட்டேன். 2006இல் மெல்பர்னில் நமக்கு 22 தங்கம், டெல்லியில் 38. பதினாறு கூடுதல். சொந்த மண், ஆரவாரம் என்றுதான் இத்தனை வருஷமும் நான் பேசி வந்தேன். பார்த்தால் மல்யுத்தத்தில் 10, வில்வித்தையில் 3, டென்னிஸில் சோம்தேவ் வாங்கிய ஒன்று, ஆக 14. இந்த மூன்று விளையாட்டும் மெல்பர்னில் கிடையவே கிடையாது! துப்பாக்கி சுடுதலில் தங்கம் 16லிருந்து 14 ஆகக் குறைந்திருக்கிறது. மல்யுத்தத்தின் பத்தில் நாலு, இடுப்புக்கு மேலே மட்டும் பிடிக்கும் கிரெக்கோ-ரோமன் பாணியில் வந்தவை. டெல்லிக்குப் பிறகு காமன்வெல்த்தில் அதுவும் இல்லை, வில்வித்தையும் இல்லை.

விருந்து வைப்பவன்தானே இலையில் என்ன பரிமாறுவது என்று முடிவு செய்கிறான். தப்பில்லை. ஆனால் பர்மிங்காம் 2022 துப்பாக்கி சுடுதலைப் பட்டியலிலிருந்து எடுத்தபோதும், கிளாஸ்கோ 2026 மல்யுத்தம், பாட்மின்டன், ஹாக்கி எல்லாவற்றையும் எடுத்தபோதும் நாம் போட்ட கூச்சலை நினைத்துப் பார். அவர்கள் எடுத்தால் சதி, நாம் சேர்த்தால் நியாயமா?

ஆரவாரத்தால் தங்கம் வரும் என்றால் அந்த ஹாக்கி இறுதியில் வந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா எட்டு கோல் போட்டது, நோட்டு மூலையில் இருந்த 8-0 அதுதான். 1976இல் ஒலிம்பிக்கை நடத்திய கனடாவுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை.

இப்படி எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். வட்டு எறிதல். கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கௌர், சீமா ஆன்டில். மூன்று கம்பத்திலும் நம் கொடி ஏறியது. 1958இல் மில்கா சிங் வாங்கியதற்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் நமக்கு வந்த முதல் தங்கம். முன்வரிசைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாரே, உனக்கும் மறந்திருக்காது. வட்டு எறிதல் மெல்பர்னிலும் இருந்தது, எல்லா ஊரிலும் இருக்கிறது. எந்தக் கழித்தலுக்கும் அது மசியவில்லை.

மறுநாள் பெண்கள் ரிலேவுக்குத் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அடுத்த வருஷம் அந்த நால்வரில் மூவர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்கள். அது 2011 கதை, டெல்லி ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்பாய். சரிதான். ஆனாலும் நான் கத்தியதை நினைக்கும்போதெல்லாம் ஏதோ உறுத்துகிறது. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

முழங்கால் ஒத்துழைத்தால் 2030இல் ஆமதாபாத் போவோம். தடகளத்துக்கு முதலில் டிக்கெட் போடு. பாட்மின்டனும் பார்க்கத்தான் வேண்டும் என்றால் சரி, காலண்டரை நான் கொண்டுவருகிறேன்.

உன்,
சேகர்