2023ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர்களே, கழக உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டு விழா வழமைபோல் நடைபெற்றது. பிரதேச மட்டத்தில் எமது வலைப்பந்தாட்டப் பிள்ளைகள் அரையிறுதி வரை சென்றனர். பிரதேச செயலக விளையாட்டுப் பிரிவில் கழகப் பதிவு புதுப்பிக்கப்பட்டது. சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

கரப்பந்தாட்டத் திடலுக்கு மின்விளக்குப் போட்டது வீண்செலவு என்று இச்சபையிலேயே கதை வந்ததால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. ஆனாலும் வலை கிழிந்தால் நாங்கள்தான் வாங்க வேண்டும். மேசன் வேலைக்கும் தோட்டத்துக்கும் போகும் பெடியள் ஆறு மணிக்குப் பிறகுதான் திடலுக்கு வருவார்கள். அந்த இருட்டில் பந்தை மூக்கால்தான் பிடிக்கலாம். புலம்பெயர் உறவுகள் அனுப்பிய காசில் கம்பங்களைத் தையில் நட்டோம். பெப்ரவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறியது. அதற்குச் செயலாளர் பொறுப்பல்ல. இப்போது அந்த வெளிச்சத்தில் முதல் ஆளாக வந்து நிற்பவர்களின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

சந்தா மாதம் 100 ரூபா. பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை. வீடு தேடிப் போனால் "அடுத்த கிழமை பாப்பம் அண்ணை" என்பார்கள். நிர்வாகத் தெரிவு என்றால் மட்டும் கதிரை போதாது. நிலுவையுள்ளவருக்கு வாக்கில்லை என்று யாப்பில் இருப்பதை இம்முறை கடைப்பிடிப்பேன் என்றதற்கு எனக்குச் சர்வாதிகாரிப் பட்டம்.

கொழும்பைப் பாருங்கள். தேர்தலில் வெளித்தலையீடு என்று ஜனவரி 21 அன்று பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசியில் தடை நீங்குவதற்குள் பெங்களூருவில் தெற்காசியக் கிண்ணமே முடிந்துவிட்டது. நவம்பர் 10 அன்று ஐசிசியும் அரசின் தலையீட்டைச் சொல்லிக் கிரிக்கெட் சபையை நிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. கதிரைக்கு அடிபட்டவர்கள் வேறு, ஆட்டத்தை இழந்தவர்கள் வேறு. எங்களுக்குப் பீபா இருக்கும் சூரிச்சிலிருந்து கடிதம் வராது. விளையாட்டு உத்தியோகத்தரிடமிருந்து வரும். அதனால்தான் உறுப்பினர் பதிவேட்டைத் திருத்தப் பிடிவாதமாக நின்றேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. மின்கட்டணத்தில் சிறு பாக்கி உண்டு. சில பற்றுச்சீட்டுகள் தேடப்படுகின்றன. நடுவர்கள், ஒலிபெருக்கி உதவியவர், தேநீர் தந்த மாதர் சங்கத்தினர் யாவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற வலைப்பந்தாட்ட அணியில் இருந்தார். எங்கள் பிள்ளைகள் இன்னும் உடைமாற்ற வாசிகசாலைத் திறப்பைத் தேடி அலைகிறார்கள். வரும் ஆண்டில் அவர்களுக்கு ஓர் அறை கட்ட வேண்டும். வரைபடம் என்னிடம் இருக்கிறது.

செயலாளர் பதவியை நான் கேட்கவில்லை. முன்வருபவரிடம் பதிவேட்டையும் திறப்பையும் இன்றே ஒப்படைப்பேன். ஒருவரும் வராவிட்டால் சபையின் விருப்பத்தைத் தட்டவும் முடியாது. தெரிவு தேநீருக்குப் பிறகு. நிலுவைச் சந்தாவை அதற்கு முன் பொருளாளரிடம் கட்டுபவர்களுக்கு வாக்குண்டு.