பொது சுகாதார பூச்சியியல் மாணவர்களுக்கு ஸ்டைபெண்டோட இன்டர்ன்ஷிப் வேணும் – கோரிக்கை மனு

பெறுநர்: பொது சுகாதாரத்துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: துறையோட பூச்சியியல் பிரிவுகள்ல மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் ஆரம்பிக்கச் சொல்லி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நாங்க விலங்கியலும் பொது சுகாதாரமும் படிக்கிற மாணவர்கள். கொசு, மணல் ஈ, உண்ணி, தெள்ளுப்பூச்சி பரப்புற நோய்கள் பத்தி வகுப்புல நிறைய படிக்கிறோம், பரீட்சையும் நல்லா எழுதுறோம், ஆனா இந்த வேலை முக்கால்வாசி கையிலயும் கண்ணுலயும்தான் இருக்கு, அத சொல்லிக்குடுக்கிற ஆளு உங்க துறையிலதான் இருக்காங்க, அவங்ககிட்ட போய் கத்துக்க எங்களுக்கு முறையான வழியே இல்ல. அதுக்காகத்தான் இந்த மனு.

ரொனால்ட் ராஸ் 1897ல செகந்தராபாத்துல கொசுவோட வயித்துச் சுவர்ல மலேரியா கிருமியக் கண்டுபிடிச்சாரு. அதுக்கு முன்னாடி ரொம்ப நாள் அவர் அறுத்துப் பார்த்ததெல்லாம் மலேரியாவப் பரப்பாத வேற வகை கொசு, அதனாலதான் ஒண்ணும் கிடைக்கல, மலேரியாவப் பரப்புற அனாபிலிஸ் வகை கொசு கைக்கு வந்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. எந்தக் கொசுன்னு தெரியாம செய்யற வேலை எவ்வளவு வீணாப் போகும்னு இதுலயே தெரியுது.

இப்போ நடக்கிறதையும் பாருங்க ஐயா. அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி நம்ம பக்கத்து கொசு, டேங்க், கிணறு, கட்டடம் கட்டற இடத்துல தேங்குற தண்ணின்னு நகரத்துக்குள்ளயே வளரக்கூடியது. 2012ல ஆப்பிரிக்காவுல ஜிபூட்டி நாட்டுல அத முதல்ல கண்டுபிடிச்சாங்க. அந்த வருஷம் அங்க மலேரியா கேஸ் வெறும் 27, 2020ல 73 ஆயிரத்தையும் தாண்டிடுச்சு. வேற காரணங்களும் இருக்கலாம், ஆனா புதுசா ஒரு கொசு வந்தா அத மைக்ரோஸ்கோப்புல பார்த்து "இது இங்க இருக்கிற கொசு இல்லையே"ன்னு சொல்ல ஆள் வேணும்ல. அந்த ஆள ஒரே நாள்ல உருவாக்க முடியாது.

வேலை எவ்வளவு நுணுக்கம்னு ஒண்ணு சொல்றேன். பிடிச்ச பெண் கொசுவ ஸ்லைடுல ஒரு சொட்டுத் தண்ணியில வச்சு, ஊசி முனையால வயித்தோட கடைசிப் பகுதிய மெதுவா இழுத்தா சூலகம், அதாவது முட்டை உருவாகிற உறுப்பு, வெளிய வரும். அத காயவிட்டுப் பார்த்தா மூச்சுக்குழல் இழைங்க நுனியில சுருண்டு சுருண்டு இருந்துச்சுன்னா அது இன்னும் முட்டையே போடாத கொசு, சுருள் பிரிஞ்சு நீண்டு இருந்தா ஏற்கனவே முட்டை போட்டது, அதாவது முன்னாடியே ரத்தம் குடிச்சது, கிருமி உள்ள வளர்ற அளவுக்கு உயிரோட இருந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுதான் ஆபத்தானது. மருந்து அடிச்சப்புறம் இந்த மாதிரி வயசான கொசுவோட விகிதம் குறையுதான்னு பார்த்துதான் அடிச்ச மருந்து வேலை செய்யுதான்னு யோசிக்க முடியும். இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், ஆனா கை நடுங்காம வர்றதுக்கு எத்தனையோ கொசு வீணாகும், பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து "இப்படி இழு, அவசரப்படாத"ன்னு சொல்லணும். வீடியோ பார்த்து இது வராதுங்க.

மருந்துக்கு எதிர்ப்பு வந்துடுச்சான்னு பார்க்கிற டெஸ்ட்டும் அப்படித்தான். மருந்து தடவுன பேப்பர் வச்ச குழாய்ல ஒரு மணி நேரம் கொசுவ விட்டுட்டு 24 மணி நேரம் கழிச்சு எண்ணணும், சாவு 90 சதவீதத்துக்குக் கீழ வந்தா எதிர்ப்பு இருக்குன்னு அர்த்தம். எண்ணுறதுல தப்பு நடந்தா மருந்து வாங்குற முடிவே தப்பாப் போயிடும்.

இன்டர்ன்ஷிப்னு பேருக்கு நடக்கிறதும் எங்களுக்குத் தெரியும். எங்க சீனியர்ஸ் சிலர் ஒரு அலுவலகத்துக்குப் போய் ரெஜிஸ்டர்ல நம்பர் ஏத்திட்டு, டீ வாங்கிக் குடுத்துட்டு, சர்ட்டிபிகேட்டோட திரும்பி வந்தாங்க, ஒரு லார்வாவக்கூட கையில தொடல. அப்படி ஒண்ணு எங்களுக்கு வேண்டாம் ஐயா.

நாங்க கேக்கிறது இதுதான். கொசு அதிகமா வளர்ற சீசன்ல குறைஞ்சது ரெண்டு மாசம் வைங்க, அதுக்குக் கம்மியா இருந்தா எதுவும் மனசுல நிக்காது. காலையில களப்பணியாளர்களோட வீடு வீடாப் போய் டிரம், பூத்தொட்டித் தட்டு, பழைய டயர்ல லார்வா பார்க்கணும், மத்தியானம் லேப்ல வகை பிரிக்கணும், கொசு வளர்க்கிற ரூம்லயும் வேலை தரணும், கடைசியில சேர்த்த டேட்டாவ வச்சு ஒரு ரிப்போர்ட் எழுத வைக்கணும். ஒவ்வொரு மாணவருக்கும் பொறுப்பா ஒரு பூச்சியியல் அலுவலர் இருக்கணும்.

ஸ்டைபெண்ட் அவசியம் வேணும். இது இல்லன்னா வசதி இருக்கிற வீட்டுப் பசங்க மட்டும்தான் வருவாங்க, பஸ் செலவுக்கும் ரூம் வாடகைக்கும் யோசிக்கிற நல்ல மாணவர்கள் விண்ணப்பமே போட மாட்டாங்க. பாதுகாப்பும் முக்கியம், கையுறை, தேவையான தடுப்பூசி, இன்சூரன்ஸ் எல்லாம் முன்னாடியே ஏற்பாடு பண்ணணும், புகை மருந்து அடிக்கிற வேலைக்கும், கொசுவ கடிக்க விட்டுப் பிடிக்கிற வேலைக்கும் மாணவர்கள தயவுசெஞ்சு அனுப்பாதீங்க.

அறிவிப்ப துறையோட வெப்சைட்ல சீசனுக்கு மூணு மாசம் முன்னாடியே போட்டு, கடைசி தேதி, தேர்வு முறை எல்லாம் தெளிவா சொல்லுங்க, சின்ன கல்லூரி மாணவர்களுக்கும் தகவல் போய்ச் சேரணும், தெரிஞ்சவங்க மூலமா உள்ள வர்ற நிலைமை வேண்டாம். முதல் வருஷம் எல்லா இடத்துலயும் முடியலன்னா லேப் வசதி நல்லா இருக்கிற ஒண்ணு ரெண்டு யூனிட்ல மட்டும் ஆரம்பிச்சாக்கூட போதும். எங்க கல்லூரி தரப்புல என்ன கடிதம், ஒப்பந்தம் வேணும்னாலும் வாங்கித் தர்றோம், நேர்ல பேச ஒரு நாள் ஒதுக்கிக் குடுத்தீங்கன்னா வந்து விளக்கமா சொல்றோம் ஐயா.

இப்படிக்கு,
பொது சுகாதார பூச்சியியல் மாணவர்கள்