ஒப்பந்தப்புள்ளிக் கேள்விகளுக்கு உரிய காலத்தில் பதில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளுக்குக் கணினி, சர்வர், வலையமைப்புக் கருவிகள் ஆகியவற்றை வழங்கும் பெரிய ஒப்பந்தப்புள்ளிகள் பற்றிய செய்தி நாளிதழ்களில் வரும்போதெல்லாம், யார் எல்-1 ஆக (அதாவது, மிகக் குறைந்த விலை தந்தவராக) வந்தார், மதிப்பு எவ்வளவு, யார் வழக்குப் போட்டார் என்பவைதான் பேசப்படுகின்றன. அந்த விலை எப்படி உருவாகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இத்தகைய ஒப்பந்தப்புள்ளிகளுக்கு ஆவணம் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அந்த நீண்ட வேலையில் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். நிறுவனங்கள் எழுப்பும் விளக்கக் கேள்விகளுக்கு அரசுத் துறை எப்போது, எப்படிப் பதில் தருகிறது என்பதே அது.

ஒப்பந்தப்புள்ளி வெளியானதும் தகுதிச் சான்றுகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், முந்தைய பணிகளுக்கான நிறைவுச் சான்றுகள் ஆகியவற்றைத் திரட்டுகிறோம். அவை பெரும்பாலும் கோப்பில் இருப்பவை. சிரமம் அதில் இல்லை. சில நூறு பக்க ஆவணத்தை வரி வரியாகப் படித்து, எந்த நிபந்தனைக்கு என்ன பொருள், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணிப்பதுதான் உண்மையான வேலை. பொருள் விளங்காத இடங்களை அட்டவணையாக்கி, பக்க எண்ணும் பிரிவு எண்ணும் குறித்து, துறைக்குக் கேள்வியாக அனுப்புகிறோம். பங்கேற்கும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் கேள்விகள் கேட்பது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆயிரக்கணக்கான மடிக்கணினிகள் வழங்க வேண்டிய ஓர் ஆவணத்தில், ‘5 ஆண்டு முழு வாரண்டி’ என்று ஒரு வரி இருந்தது. பேட்டரி தேய்ந்துபோகும் பொருள் என்பதால், தயாரிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் அதற்குத் தனியாக, குறைந்த கால வாரண்டியே தருகின்றன. ஆகவே, ‘முழு’ என்ற சொல்லில் பேட்டரியும் அடங்குமா, அடங்கும் என்றால் அதன் திறன் எந்த அளவுக்குக் குறைந்தால் மாற்றித் தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். ‘ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் உள்ளபடி’ என்று பதில் வந்தது. ஆவணத்தில் இல்லை என்பதால்தானே கேட்டோம்!

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விலைப் பட்டியலின் எக்செல் கட்டத்துக்கு முன் உட்கார்ந்தால், மூன்று வழிகள் தெரிகின்றன. ஐந்தாண்டில் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் ஒரு பேட்டரியாவது மாற்ற வேண்டிவரும் என்று கணக்கிட்டு அந்த விலையைச் சேர்க்கலாம். பேட்டரி வாரண்டியில் சேராது என்று முடிவுகட்டி எதையும் சேர்க்காமல் விடலாம். இரண்டுக்கும் நடுவில், ஏதோ ஓர் எண்ணை மனத்துக்குத் தோன்றியபடி போடலாம். மூன்று நிறுவனங்கள் மூன்று விதமாகச் செய்தால், விலை உறையைத் திறக்கும் நாளில் ஒரே வரிக்கு நேராக மூன்று வெவ்வேறு பொருள்களின் விலை நிற்கும். அவற்றை ஒப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று துறை நம்பும். எல்லாச் செலவையும் நேர்மையாகச் சேர்த்த நிறுவனம் தோற்கும். சேர்க்காமல் வென்ற நிறுவனமோ, மூன்றாம் ஆண்டில் பேட்டரி கேட்டு வரும் அலுவலகங்களோடு கடிதப் போர் நடத்தும். பேட்டரி என்பது ஒரு வரிதான். மாடிப்படி ஏறிக் கருவியைப் பொருத்தித் தரும் கூலி, பழைய கணினியிலிருந்து தரவை மாற்றித் தரும் பொறுப்பு, மின்வசதி தயாராகாத இடத்தில் காத்திருக்கும் நாள்களுக்கும் தாமத அபராதம் உண்டா என்பது போல இன்னும் எத்தனையோ வரிகள் இதே கதியில் கிடக்கின்றன.

அடுத்தது பதில் வரும் நேரம். காலக்கெடுவுக்கு மூன்று நாள் முன்பு, மாலை அலுவலகம் முடியும் வேளையில், கணினி நினைவகத்தின் அளவை இரட்டிப்பாக்கும் திருத்த அறிவிப்பு ஒருமுறை இணையதளத்தில் ஏறியது. பார்ப்பவர்களுக்கு ஓர் எண் மாறியதாகத்தான் தோன்றும். ஆனால், அந்த அளவுக்கு ஏற்ற மாடல் வேறு என்பதால் எங்கள் பொருளை இவர்கள் வழங்கலாம் என்று தயாரிப்பு நிறுவனம் தரும் அங்கீகாரக் கடிதத்தைப் புதிய மாடல் எண்ணோடு மீண்டும் வாங்க வேண்டும். கேட்ட ஒவ்வொரு விவரத்துக்கும் எங்கள் கருவி பொருந்துகிறது என்று காட்டும் தொழில்நுட்ப இணக்க அட்டவணையை வரி வரியாகத் திருத்த வேண்டும். இணைப்பாக வைத்த விவரக் குறிப்பேடுகளை மாற்றிப் பக்க எண் இட வேண்டும். இறக்குமதிச் செலவோடு விலையை மறுபடி கணக்கிட வேண்டும். அன்று வெளிநாட்டிலிருந்து நள்ளிரவுக்குப் பின் வந்த கடிதத்தில் பழைய மாடல் எண்ணே இருந்தது. மாடல் எண்ணில் ஓரெழுத்து பிசகினாலும் விலையைப் பார்ப்பதற்கு முன் நடக்கும் தொழில்நுட்பச் சுற்றிலேயே நிராகரிக்கப்படுவோம் என்பதால், கடிதம் எழுதியவரை மீண்டும் பிடித்துத் திருத்தி வாங்கும்வரை ஆறு பேர் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தோம். டிஜிட்டல் கையொப்பமிட்டுக் கோப்புகளைப் பதிவேற்றி முடித்தபோது, காலக்கெடுவுக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. அந்த அவசரத்தில் நாங்கள் இட்ட விலை, நிதானமாகக் கணித்திருந்தால் இட்டிருக்கக்கூடிய விலையைவிட நிச்சயமாக அதிகம். விசாரிக்க நேரமில்லாத ஒவ்வொரு செலவுக்கும் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கூடுதல் தொகை மக்களின் வரிப்பணம்.

காலக்கெடுவை நீட்டித்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். நீட்டிப்பு பெரும் உதவிதான். ஆனால் அதுவும் கடைசி நாள் மாலையில் வந்தால் வேறு வேலை கூடுகிறது. உலக வங்கியின் மாதிரி ஆவணங்களில், ஒப்பந்தப்புள்ளியின் செல்லுபடிக் காலம் (நிறுவனம் தான் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டிருக்கும் காலம்) முடிந்த பின்னும் 28 நாள் வரை, பின்வாங்க மாட்டோம் என்பதற்கு ஈடாகத் தரும் பிணை வைப்புக்கான வங்கி உத்தரவாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். தேதி நகரும்போது இந்தக் கணக்கும் நகரும். உத்தரவாதத்தைத் திருத்தித் தர வங்கிக்கும் நாள் வேண்டும்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அரசுக் கொள்முதலுக்கான ஐ.நா.வின் 2011 மாதிரிச் சட்டம், ஒரு நிறுவனம் கேட்ட கேள்விக்கான விளக்கத்தை, கேட்டவர் யார் என்று காட்டாமல், பங்கேற்கும் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் திருத்தப்பட்ட அரசுக் கொள்முதல் உடன்பாடு, நிபந்தனைகளை மாற்றினால், நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தப்புள்ளியைத் திருத்தி மீண்டும் தருவதற்குப் போதிய அவகாசம் இருக்கும்படி அதை அறிவிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் நெறிமுறை எண்ணிக்கையாகவே சொல்லிவிடுகிறது: உரிய நேரத்தில் கேட்கப்பட்ட விளக்கங்களைக் காலக்கெடுவுக்குக் குறைந்தது 6 நாள் முன்பே தர வேண்டும்; தராவிட்டாலோ, ஆவணத்தில் பெரிய மாற்றம் செய்தாலோ காலக்கெடுவை நீட்டிக்க வேண்டும். உக்ரைன் 2016இல் நடைமுறைப்படுத்திய கொள்முதல் சட்டத்தில், ஆவணம் திருத்தப்பட்ட பின் குறைந்தது 7 நாள் மிச்சம் இருக்கும்படி காலக்கெடு நகர்த்தப்பட வேண்டும் என்று இருந்தது.

என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை கொடுத்த விலை பெரிது. ஏறத்தாழ 78,000 ஊழியர்களுக்கான சம்பளக் கணினி அமைப்பு அங்கே 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பலருக்குச் சம்பளம் குறைந்து வந்தது; சிலருக்கு வரவேயில்லை; கூடுதலாகப் பெற்றவர்களிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. அமைப்பைச் சீர்செய்து இயக்குவதற்கான மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குப் போகும் என்று மதிப்பிடப்பட்டது. 2013இல் அறிக்கை தந்த விசாரணை ஆணையம், தேவையற்ற அவசரத்தையும், தேவைகளை வரையறுப்பதில் தொடங்கி அரசு அலுவலர்கள் காட்டிய கவனக்குறைவையும் முக்கியக் காரணங்களாகச் சுட்டியது. அது மென்பொருள் பணி, சரக்கு வழங்கும் ஒப்பந்தம் அல்ல என்பது உண்மை. ஆனால், தேவையை எழுதும் பக்கத்தில் விடும் பிழை இரண்டுக்கும் பொதுவானது.

அலுவலர்கள் ஏன் ‘ஆவணத்தில் உள்ளபடி’ என்று எழுதுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரு சொல்லை விளக்கினால், அது ஒரு நிறுவனத்துக்குச் சாதகமானது என்று தணிக்கையில் குறிப்பு எழுதப்படலாம். பிறகு விசாரணை, விளக்கக் கடிதம் என்று ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடலாம். எங்கள் பக்கமும் குற்றமற்றதல்ல. தங்கள் தயாரிப்பு மட்டும் பொருந்தும்படி விவரக்குறிப்பை வளைப்பதற்காகவே கேள்வி கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆவணத்தைப் படிக்காமல், அதிலேயே இருக்கும் விடையைக் கேட்டு நிரப்புபவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவே அமர்ந்து நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு ஒரே அலுவலர் பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பொருளைப் பயன்படுத்தப்போகும் துறை, தொழில்நுட்பம், நிதி, சட்டம் ஆகிய நான்கு தரப்பினரும் கையொப்பமிடும் ஒரு சிறு குழுவின் பெயரில் பதில்கள் வெளியானால், தனி அலுவலர் மீது பழி விழாது.

காலத்தைப் பொறுத்தவரை, பெரிய கணினிக் கொள்முதலுக்கு 6 நாளோ 7 நாளோ போதாது என்பது என் அனுபவம். அங்கீகாரக் கடிதம் பல நாடுகளைத் தாண்டி வர வேண்டியிருப்பதால், கடைசிப் பதிலுக்கும் காலக்கெடுவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் வேண்டும். தவறினால், எத்தனை நாள் தவறியதோ அத்தனை நாள் காலக்கெடு தானாக நீள வேண்டும். ‘ஆவணத்தில் உள்ளபடி’ என்று சொல்வதானால், எந்தப் பக்கத்தில், எந்தப் பிரிவில் உள்ளது என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிட முடியாவிட்டால் அது ஆவணத்தில் இல்லை என்றுதான் பொருள். வெளியிட்ட பதில்கள் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்ந்து, இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும்.

அந்தப் பேட்டரிக் கேள்விக்கு, ‘சேரும், ஐந்தாண்டுக்குள் திறன் பாதிக்குக் கீழே போனால் மாற்றித் தர வேண்டும்’ என்றோ, ‘சேராது’ என்றோ ஒரு வரி வந்திருந்தால், போட்டியிட்ட அனைவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருப்போம். அந்த ஒரு வரியை உரிய நாளில் எழுதித் தரும் நடைமுறையைக் கொள்முதல் விதிகளிலேயே சேர்க்குமாறு அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பந்தப்புள்ளி தயாரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்