மத்தளம் இல்லாத அண்ணாவியார்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்ததில் சந்தோசம். இஞ்ச மாரி தொடங்கிவிட்டது. வாவி கலங்கிப் பழுப்பாய்க் கிடக்கிறது. பாலத்தடியில் வலை வீசுகிறவர்களை இரண்டு நாளாகக் காணவில்லை.

பேத்தி உன்னை மொன்றியலில் சிம்பொனிக் கச்சேரிக்குக் கூட்டிப்போன கதையை வாசித்துச் சிரித்தேன். "முதுகைக் காட்டிக்கொண்டு தடியை ஆட்டினவர் ஒரு சத்தமும் எழுப்பவில்லை, அவருக்கேன் அவ்வளவு கைதட்டல்?" என்று கேட்டிருந்தாய். மறுகா யோசித்தால் நியாயமான கேள்விதான்.

அந்த மொன்றியல் குழுவை 1961 முதல் 1967 வரை அப்படித் தடியோடு நின்று நடத்தினவர் நம்ம பக்கத்து ஆள், பம்பாய்ப் பார்சி சுபின் மேத்தா. தகப்பன் மெலி மேத்தா வயலின்காரர், பம்பாயில் சிம்பொனிக் குழு தொடங்கினவர். மகன் வைத்தியப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு 1954 இல், 18 வயதில், வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசானிடம் குழு நடத்தப் படித்தார். டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியமும் வாசித்தார். 1958 இல் லிவர்பூலில் நடத்துனர்களுக்கான போட்டியில் முதலிடம். 1962 இல் லொஸ் ஏஞ்சலிஸ் குழுவும் கைக்கு வந்தது. 26 வயதுப் பொடியனுக்கு இரண்டு நாட்டில் இரண்டு குழு! பிறகு நியூயோர்க்கில் 13 வருசம், இஸ்ரேல் குழுவோடு 50 வருசம். நம்ம அண்ணாவிமார் ஒரு கூத்தைப் பழக்கி அரங்கேற்ற மாதக்கணக்கு எடுப்பார்கள். இந்த நடத்துனர்களுக்கு விருந்தாளியாகப் போன ஊரில் சில நாள் ஒத்திகைதான்.

நேற்றிரவு யூடியூபில் சத்தத்தை நிறுத்திவிட்டு மேத்தாவுடைய கையை மட்டும் பார்த்தேன். (மனிசி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.) கை கீழே விழும்போதுதான் சத்தம் பிறக்கிறது, ஆனால் வேலை அதற்கு முதலே முடிந்துவிடுகிறது. மேலே தூக்குகிற வீச்சிலேயே வேகமும் கனமும் இருக்கிறது. குழல் ஊதுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் மூச்சு எடுக்கிறார்கள். வலக்கையில் தாளம். இடக்கை ஒருவரைப் பார்த்து "ஒள்ளுப்பம் குறை" என்கிறது, இன்னொருவரை "இப்ப நீ வா" என்று கூப்பிடுகிறது.

நீ வீமன் வேசம் கட்டி, களத்துக்கு ஆடி வருகிற வரவாட்டத்தில் காலை மாற்றி வைத்த இரவு ஞாபகமிருக்கா? அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. உன் பக்கம் ஓரடி கிட்ட வந்து முகத்து நாடியை மட்டும் உயர்த்தினார். அடுத்த சுற்றில் உன் சதங்கை சரியாக விழுந்தது. கூத்துக் களரியைச் சுற்றியிருந்த சனத்துக்கு ஒன்றுமே தெரியாது.

இன்னொன்று. 2005 டிசெம்பர் 26, சுனாமியின் முதலாம் ஆண்டு நினைவுக்கு நாம் நாவலடிக் கரையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்ற அதே நாள், மேத்தா ஜெர்மனியின் பவேரிய அரச இசைக்குழுவோடு சென்னை மியூசிக் அகடமியில் சுனாமியில் போனவர்களுக்காகக் கச்சேரி செய்திருக்கிறார். இத்தனை வருசம் கழித்து இப்போதுதான் அறிந்தேன். அன்று அலையின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் நமக்குக் கேட்கவில்லை, என்ன?

2019 இல் இஸ்ரேல் குழுவிலிருந்து விடைபெற்ற காலத்துக் காட்சிகளில் ஊன்றுகோலோடு வந்து கதிரையில் இருந்துகொண்டு நடத்துகிறார். கை மார்புக்கு மேலே போகவே இல்லை. குழு அப்படியே பின்னால் வருகிறது.

அடுத்த தடவை போனால், நடத்துனரின் முகம் தெரிகிற மாதிரி மேடைக்குப் பின்பக்கத்து ஆசனம் எடுத்துத் தரச் சொல்லிப் பேத்தியிடம் கேள். தடியைப் பார்க்காதே, நாடியைப் பார். என்ன கண்டாய் என்று எழுது.

கருவாடு அனுப்ப ஆள் கிடைத்திருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று கெதியாகச் சொல்லு.

உன் கூத்துக்குத் தாளம் போட்ட பழைய சல்லரிக்காரன்