இரண்டு பைட்டா, நான்கு பைட்டா?

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். மகளுக்கு சி என்ற நிரல் மொழி கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று நீ கேட்டு இரண்டு மாதமாகியும் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஞாயிறன்று அவளே தொலைபேசியில் அழைத்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கையிலிருந்த புத்தகத்தின் முதல் நிரலைத் தன் மடிக்கணினியில் ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கொண்டு ஓட்டினாளாம், 'கோனியோ.ஹெச்' என்ற கோப்பே இல்லையென்று கம்பைலர் நின்றுவிட்டது. "மாமா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். தவறு அவளுடையதன்று. அந்தக் கோப்பு சி மொழித் தரத்தில், அதாவது மொழியின் அதிகாரப்பூர்வ விதித்தொகுப்பில், இல்லவே இல்லை. டர்போ சி போன்ற பழைய டாஸ் இயங்குதளக் காலக் கம்பைலர்கள் தாமாகக் கொடுத்தது. "கிளியர் ஸ்கிரீன் போட்டியா?" என்று நம் லேப் அண்ணன் தினமும் கேட்டாரே, திரையைத் துடைக்கும் அந்தக் கட்டளையும் அங்கிருந்து வந்ததுதான். கம்பைலர் சொன்னதையெல்லாம் மொழி சொன்னதாகவே நாம் நம்பிவிட்டோம், அவளும் அப்படி நம்ப வேண்டுமா?

ஆகவே கடையில் முதலில் முழு எண்ணைச் சேமிக்கும் 'இன்ட்' வகை பற்றிய பக்கத்தைப் புரட்டு. "அளவு இரண்டு பைட், உச்சம் 32767" என்று மட்டும் இருந்தால் அங்கேயே வைத்துவிடு. அது டர்போ சியின் கணக்கு. அவள் கணினியில் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் கொண்டு கேட்டால் நான்கு என்று வரும். குறைந்தது 16 பிட் (இரண்டு பைட்) இருக்க வேண்டும், மீதி கம்பைலரின் விருப்பம் என்பதே தரம் சொல்வது. அதைச் சொல்கிற புத்தகம்தான் வேண்டும். 'லாங்' என்ற பெரிய முழு எண் வகைகூட 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், விண்டோஸில் நான்கு பைட்தான்.

கெர்னிகனும், சி மொழியை உருவாக்கிய ரிச்சியும் எழுதிய சி நூலின் 1988ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பை இன்றும் மனதார விரும்புகிறேன். ஆனால் அவளுக்கு அதை மட்டும் கொடுத்துவிடாதே. அதன் முதல் நிரலில், நிரல் தொடங்கும் இடமான 'மெயின்' முன் 'இன்ட்' இல்லை. 1999ஆம் ஆண்டுத் தரம் அந்த வழக்கத்தை நீக்கியது, 2024இல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையென்றே நிறுத்துகிறது. எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறது என்று முன்னுரையிலேயே கூறும் புதிய நூலொன்றை முதலில் வாங்கு, இது பக்கத்தில் இருக்கட்டும்.

எதைப் படித்தாலும் ஒவ்வொரு நிரலையும் ஜிசிசியிலும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் எச்சரிக்கைகள் அனைத்தையும் இயக்கி ஓட்டிப் பார்க்கச் சொல். இரண்டும் வேறுபடும் இடங்களைக் குறித்து வைக்கட்டும்; அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டோடு அவளுடன் உட்காருகிறேன்.

உன் பழைய
அறைத்தோழன்