கருடனுக்குப் பால்ய விவாகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இரண்டு கருடன் படம் போட்டு, வெண்தலையும் செங்காவி இறகுமாக இருப்பது ஆண், மங்கிய பழுப்பாக இருப்பது பெண், 'ஆணின் பளபளப்பில் பெண் சொக்கிப்போகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழுப்பு பெண்ணே இல்லை ஐயா, இளம் பறவை! கருடனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நிறம்தான். பெண் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. கூட்டை விட்டு வந்த பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிவைத்ததற்கு உங்கள் மேல் வழக்கே போடலாம்.

உங்களுக்குத் தெரியாததா? 2019-லேயே மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் வாணியம்பாடியை வேலூர் மாவட்டத்தில் வைத்திருப்பவர்கள் நீங்கள். அக்காக்குயில் படத்தை வல்லூறு என்று போட்டபோதும் எழுதினேன். நான்கு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது. தலைப்பு, 'வாசகி பாராட்டு'!

முப்பது வருடம் குடியாத்தத்தில் அறிவியல் பாடம் எடுத்தவள். எங்கள் வீட்டுப் பின்புற வேம்பில் ஒரு வருடம் வல்லூறு கூடு கட்டியது. ஆணுக்குக் கண் ரத்தச் சிவப்பு, முதுகு நீலச் சாம்பல், பார்க்க லட்சணம்தான். ஓணானைக் காலில் இடுக்கிக்கொண்டு வந்து கிளையில் உட்காரும். பெண் கிறீச்சிட்டுக்கொண்டே பாய்ந்து வந்து பிடுங்கிக்கொள்ளும். கண்ணழகைப் பார்த்த மாதிரி தெரியவில்லை, ஓணானைத்தான் பார்த்தது. அடைகாக்கும் நாளெல்லாம் அதற்குச் சாப்பாடு ஆண் கொண்டுவந்தால்தானே? நம் வீட்டிலும் மாப்பிள்ளையின் சட்டை நிறத்தையா விசாரிக்கிறோம்?

சரி, நிறத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. பூனைப்பருந்துகளில் பலவற்றுக்கு ஆண் வெளிர் சாம்பல், பெண் பழுப்பு. குளிர்காலத்தில் நம் பக்கம் வந்து போகும் கெஸ்ட்ரல் என்ற சின்ன வேட்டைப் பறவையில் ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல். அதில் பளிச்சென்ற ஆணைத் தேர்ந்த பெண்களுக்குக் குஞ்சு கூடுதலாகத் தேறியதாக பின்லாந்தில் ஆராய்ந்தவர்கள் 1994-ல் எழுதினார்கள். அதைப் போட்டிருந்தால் நானே பத்துப் பிரதி வாங்கியிருப்பேன். அதை விட்டுவிட்டு, ஜோடிக்குள் நிற வித்தியாசமே இல்லாத கருடனைப் பிடித்தீர்கள். அதுவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நாங்கள் கும்பிடுகிற பறவையை.

கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம், 'பெண்' என்ற இடத்தில் 'இளம் பறவை' என்று. சென்னைப் பதிப்பில் மட்டுமில்லை, வேலூர்ப் பதிப்பிலும். அப்புறம், தயவுசெய்து 'பாராட்டு' என்று தலைப்பு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குடியாத்தம்