கேடட்டின் கைகளுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனி விழும் ஊரில் பிறந்து, நெடுந்தூர ஸ்கீயில் (கோல்களை ஊன்றிப் பனித்தடத்தில் சறுக்கிச் செல்லும் ‘கிராஸ் கன்ட்ரி ஸ்கீ’) தேறிய பிறகு அதிகாரிப் பயிற்சிக்காகக் கடக்வாஸ்லாவிலோ டேராடூனிலோ நம் பரங்கிமலையிலோ உள்ள ராணுவ அகாடமிக்குக் கேடட்டாக, அதாவது பயிற்சி மாணவராக, வரும் இளைஞர்கள் உண்டு. ‘அகாடமிக்குள் நுழைந்தாச்சு, இனி ஸ்கீயைத் தலைமுழுகிவிடு’ என்றுதான் அவர்களுக்கு எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நேரம் இருக்காது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காரணம் தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

இது நாலைந்து பேரின் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் நெடுந்தூர ஸ்கீ பெரும்பாலும் சீருடைக்காரர்களை நம்பியே நிற்கிறது. 2018 பியோங்சாங்கில் 15 கி.மீ. ஃப்ரீஸ்டைல் ஸ்கீ பந்தயத்தில் ஓடிய ராணுவ வீரர் ஜகதீஷ் சிங் 43 நிமிடத்தில் முடித்து 103-வது இடம் பெற்றார். வென்ற சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யாவுக்கு 33 நிமிடம் 44 வினாடி போதுமாயிருந்தது. இந்த 9 நிமிடத்தை இருபது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிக் குறைக்க முடியாது. அந்த வயதில் நம் கேடட்டுகள் இருக்கும் இடம் அகாடமி.

அங்கே உடலுழைப்புக்குக் குறைவே இல்லை. விடியலில் பி.டி. எனும் உடற்பயிற்சி, பிறகு டிரில், மாலையில் கேம்ஸ், இடையில் வகுப்புக்கு வகுப்பு ஓட்டம், சீனியர் மனம் வைத்தால் ‘ரகடா’ எனும் தண்டனைப் பயிற்சி. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் வந்துவிடும். உலகத் தரத்து ஸ்கீ வீரர்கள் ஆண்டுக்கு 750 முதல் 900 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். எண்ணிக்கையில் கேடட் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். ஆனால் அந்த வீரர்களின் நேரத்தில் ஐந்தில் நாலு பங்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேலை. மிச்சம்தான் மூச்சு முட்டும் வேலை. அகாடமியில் இரண்டுமே இல்லை. எல்லாம் நடுத்தர வேகம். இளைப்பாற விடாத அளவு கடினம், இதயத்தை வளர்க்காத அளவு சுலபம். அதுவும் முழுக்க முழுக்கக் கால்களில். ஸ்கீக்காரருக்கு முதலில் கரைவது கையும் தோளும் வயிற்றுத் தசையும்தான்.

ஆகவே முதல் விதி: கிடைக்கும் ஓய்வு நேரத்தில் கூடுதலாக ஓடாதீர்கள். ஆர்வமுள்ள கேடட் செய்யும் பெரிய தவறு இதுதான். பூட்ஸ் மாட்டித் தரையை அறையும் டிரிலோடு தினமும் இன்னொரு ஐந்து கிலோமீட்டர் சேர்ந்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கத் தொடங்கும். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் விரலை வைத்தால் சுரீர் என்கிறதா? அது தசைவலி இல்லை, மயிரிழை விரிசலாக இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் ஒரு பருவமே போய்விடும். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இரு கோல்களையும் ஒருசேர ஊன்றி இழுக்கும் ‘டபுள் போலிங்’கில் இந்த அதிர்ச்சி கிடையாது. இதயத்துக்கு வேலை, எலும்புக்கு ஓய்வு.

அகாடமியின் முதல் பருவத்தில் (டெர்ம்) ரோலர் ஸ்கீக்கு, அதாவது சாலையில் ஓட்டும் சக்கரம் வைத்த ஸ்கீக்கு, அனுமதி கிடைக்காது, கேட்காமலிருப்பதே உத்தமம். அப்போதைக்கு ஒரு ரப்பர் குழாய் போதும். தலைக்குச் சற்று மேலே ஜன்னல் கம்பியில் நடுவைக் கட்டி, இரு முனைகளையும் பிடித்து, 45 வினாடி இழுப்பு, 15 வினாடி ஓய்வு என்று 10 முறை. வாரத்தில் மூன்று நாள், தங்கும் அறைக்குள்ளேயே. கையால் மட்டும் இழுத்தால் பயனில்லை. கணுக்கால் மடங்கி உடல் முன்னால் சாய வேண்டும். முழங்கை சுமார் 90 பாகையில் நிற்க, வயிறு சுருங்கி எடையைக் கீழே இறக்க வேண்டும். கயிறு ஏறுவதும் சின்-அப்பும் பி.டி.யிலேயே வந்துவிடுவதால் தனி எடைப் பயிற்சி தேவையில்லை.

டிரில் சதுக்கம் கற்றுத்தரும் உடல்நிலை ஸ்கீக்கு நேர் எதிரானது. அங்கே நெஞ்சை நிமிர்த்தி, முதுகை வளைத்து, முழங்காலைப் பூட்டிக் குதிகாலை அறைய வேண்டும். ஸ்கீயில் முதுகு மெல்ல உருண்டு, முழங்கால் தளர்ந்து, எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். சில மாத டிரிலில் கெண்டைக்கால் இறுகிவிடும்; பிறகு பனியில் நிற்கும்போது பின்பக்கம் உட்காருவது போலாகும். எளிய சோதனை உண்டு. கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். முடியவில்லையென்றால் தினமும் இரவு காலுக்கு இரண்டு நிமிடம் கெண்டைக்காலை நீட்டுங்கள்.

இரண்டாம் பருவத்திலிருந்து ரோலர் ஸ்கீ. அகாடமியின் உள்சாலைகள் இதற்கென்றே போட்டவை போலிருக்கும். லாரி இல்லை, ஆட்டோ இல்லை, குழியும் குறைவு. ஆனால் வேகத்தடைகள் உண்டு, பெரும்பாலான ரோலர் ஸ்கீக்குப் பிரேக் கிடையாது. இறக்கம் செங்குத்தானால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதில் வெட்கமில்லை. ஹெல்மெட், கையுறை, ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். ரப்பர் சக்கரம் சூட்டில் வேகமாக உருளும் என்பதால், நம் வெயிலுக்கு வேகம் குறைந்த ரகச் சக்கரத்தை வாங்குவது நல்லது. மழையில் ஓட்டினால் அன்றே பேரிங்கைத் துடைத்துச் சொட்டு எண்ணெய் விடுங்கள். துடைக்காமல் போட்டுவைத்தால் துருப்பிடித்துக் கத்தும்.

கோலின் நீளம், ஸ்கீக்களை இணையாக வைத்து நடக்கும் கிளாசிக் பாணிக்கு உயரத்தில் 83 விழுக்காடு, பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் ஸ்கேட்டிங் பாணிக்கு 89-90. உயரம் 170 செ.மீ. என்றால் முறையே 141, 152 செ.மீ. பனிக்கான முனையைக் கழற்றி கார்பைடு முனை போட வேண்டும். அது மழுங்கினால் வழுக்கும், வழுக்கினால் கேடட் தன்னையறியாமல் கோலை நெட்டுக்குத்தாக ஊன்றப் பழகுவார். வைரத்தூள் அரத்தால் அடிக்கடி தீட்டினால் இந்தக் கெட்ட பழக்கம் வராது. நண்பகல் வெயிலில் தார் இளகி முனை புதையும். கான்கிரீட்டில் ஊன்றினால் முழங்கை அதிரும். காலை நேரத் தார்ச்சாலைதான் சரி.

கிளாசிக் ரோலர் ஸ்கீயில் ஒரு பொறி இருக்கிறது. சக்கரம் பின்னோக்கி உருளாதபடி பூட்டு உள்ளதால் எப்போது உதைத்தாலும் பிடிக்கும். பனியில் அப்படியில்லை, சரியான கணத்தில் ஸ்கீயை அழுத்தினால்தான் அதன் அடியில் தடவிய மெழுகு பனியைப் பிடிக்கும். மாதக்கணக்கில் ரோலரிலேயே மாற்றுக்கால் நடை பழகியவர் பனிக்குப் போனதும் பின்னால் வழுக்குவது இதனால்தான். எனவே ரோலரில் டபுள் போலிங்கும் ஸ்கேட்டிங்கும் மட்டும் செய்யுங்கள். மாற்றுக்கால் உதைப்புக்கு மேட்டில் கோலூன்றிப் பாய்ந்தோடும் பயிற்சி மேல். கிளாசிக் கோலைவிட 5 முதல் 10 செ.மீ. குட்டையான கோல், நூற்றுக்கு எட்டுப் பத்து ஏறும் சரிவு, 4 நிமிடம் ஏறி நடந்து இறங்குவது 5 முறை. பரங்கிமலையில் இருப்பவர்களுக்கு மலை பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாம் பருவத்திலிருந்து வாரக் கணக்கு இப்படி இருக்கலாம்: கேம்ஸ் பீரியடில் இரண்டு நாள் தலா 45 நிமிடம் கடினமாக, ஞாயிறு விடிகாலை 90 நிமிடம் பேசிக்கொண்டே போகும் வேகத்தில், ரப்பர் குழாய் இரண்டு முறை தலா 20 நிமிடம். மொத்தம் நாலு மணி நேரம்கூட ஆகாது. பயிற்சி நாட்களைப் பாதிக்கு மேல் குறைத்தாலும், மிஞ்சும் நாட்களில் தீவிரம் குறையாவிட்டால் ஆக்ஸிஜன் உள்வாங்கும் திறன் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும் என்பது ஆய்வில் நிறுவப்பட்ட உண்மை. தீவிரத்தையும் விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே சரியத் தொடங்கும். முகாம் வாரத்தில் இவற்றில் எதுவும் வேண்டாம்; தூக்கம்தான் பயிற்சி. காலையில் எழுந்ததும் எடுக்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடினால் அன்றைய கடினப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். பெண் கேடட்டுகள் மாதவிடாய் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் சகஜமான விளைவு என்று விட்டுவிடக் கூடாது. உழைப்புக்கேற்ற உணவு போகவில்லை என்று உடல் கொடுக்கும் எச்சரிக்கை அது. ரத்தத்தில் இரும்புச்சத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

டிசம்பர் விடுமுறை பனிக்கு. காஷ்மீரின் குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். சர்வதேசப் போட்டித் தடத்தின் உச்சிக்கே 1,800 மீட்டர்தான் வரம்பு. அதனால் முதல் நாலு நாள் வேகமே வேண்டாம், தொழில்நுட்பம் மட்டும். நாட்கள் குறைவு என்பதால் மெழுகோடு மல்லுக்கட்டாமல், அடியில் ரோமப்பட்டை ஒட்டிய ஸ்கீயை எடுத்துப் போங்கள். பனியை நம்பி மட்டும் திட்டமிடவும் முடியாது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் குல்மார்க்கின் ‘கேலோ இந்தியா’ தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ரோலர் ஸ்கீயும் பெட்டியில் இருக்கட்டும்.

அகாடமி நிர்வாகங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கேம்ஸ் பீரியடில் வாரம் இரண்டு நாள் கால்பந்துக்குப் பதிலாக ரோலர் ஸ்கீக்கு அனுமதி, உள்சாலையில் ஒரு கிலோமீட்டர் வளையம், மேற்பார்வைக்கு ஒரு பயிற்றுநர். விண்ணப்பத்தில் வெறுமனே ‘கிராஸ் கன்ட்ரி’ என்று எழுதினால் கேடட்டின் பிரிவான ஸ்குவாட்ரனின் நெடுந்தூர ஓட்டப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். ‘ஸ்கீ’ என்ற சொல்லைக் கேடட்டுகள் மறக்காமல் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்கீ பயிற்சித் துறையில் உள்ள இரு வாசகர்கள்,
கோயம்புத்தூர்.